மூன்று இருபதுக்கு வரும் விழிப்பு

அலாரம் 5.45-க்கு. கண் திறந்து செல்போனைப் பார்த்தால் 3.20. உடனே மனசு கணக்குப் போட ஆரம்பிக்கும்: இப்போதே தூங்கிவிட்டால் இன்னும் இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் கிடைக்கும். கொஞ்ச நேரம் புரண்டுவிட்டு மறுபடி பார்த்தால் 3.50. சரி, இரண்டு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம்தான் குறைச்சல், பரவாயில்லை. 4.35 ஆகும்போது கணக்கே மாறிவிடும்: இனிமேல் தூங்கினால் எழுந்திருக்க முடியாது, பேசாமல் முழித்தே இருந்துவிடலாம். அப்படி முடிவு செய்த பத்தாவது நிமிடம் நன்றாக அசந்துவிடுவேன். அலாரம் அடிக்கும்போது உடம்பு அடித்துப் போட்டதுபோலக் கிடக்கும்.

ஏறக்குறைய ஏழு மாதம் எனக்கு இப்படி ஓடியது. அப்பாவுக்கு இதய அறுவைச் சிகிச்சை நடந்த சமயத்தில் ஆரம்பித்தது. அவர் தேறி வீட்டுக்கு வந்து, மாடிப்படி ஏறி, காய்கறிக்காரரோடு பேரம் பேசும் அளவுக்கு ஆகிவிட்டார். எனக்கு மட்டும் 3.20 விட்டபாடில்லை. அந்த எரிச்சலில் தேடிப் படித்ததும், மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும், என்மேலேயே சோதித்துப் பார்த்ததும்தான் இங்கே இருப்பவை. நான் மருத்துவர் இல்லை என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தூக்கம் வரவில்லை என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் வகை உண்டு. படுத்ததும் தூக்கம் பிடிக்காமல் புரள்வது ஒன்று. நன்றாகத் தூங்கிவிட்டு நடுச்சாமத்தில் பலமுறை விழிப்பது இன்னொன்று. விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்து, அதற்கப்புறம் கண் மூடினாலும் தூக்கம் கூடாமல் போவது மூன்றாவது. நாம் பேசப்போவது பெரும்பாலும் இந்த மூன்றாவதை. வாரத்துக்கு மூன்று நாளாவது வந்து, மூன்று மாதமாவது நீடித்து, பகல் பொழுதையும் கெடுத்தால்தான் மருத்துவர்கள் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்பார்கள். காலை ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டிய நாளில் நாலு மணிக்கே விழிப்பதெல்லாம் அதில் சேராது.

முன்னிரவும் பின்னிரவும்

பழைய தமிழ்க் கணக்கில் நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பிரித்தார்கள். இரவு பத்திலிருந்து இரண்டு வரை யாமம். இரண்டிலிருந்து ஆறு வரை வைகறை. எதை வைத்துப் பிரித்தார்களோ தெரியாது, பத்து மணிக்குப் படுக்கிறவருடைய தூக்கத்தின் குணமும் கிட்டத்தட்ட அந்தக் கோட்டில்தான் மாறுகிறது.

தூக்கம் என்பது இரவு முழுக்க ஒரே ஆழத்தில் ஓடும் ஆறு அல்ல. சுமார் 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று என்று, இரவுக்கு நாலைந்து சுற்று வரும். ஒவ்வொரு சுற்றிலும் லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் எல்லாம் கலந்திருக்கும். கனவுத் தூக்கத்தில் மூடிய இமைக்குள் விழிகள் அங்குமிங்கும் ஓடும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தேனியல் கிளைட்மனும் 1953-இல் அதைக் கவனித்து எழுதிய பிறகுதான் தூக்கத்துக்குள் இத்தனை வகை இருப்பது உலகத்துக்குத் தெளிவாகப் புரிய ஆரம்பித்தது.

நமக்கு வேண்டிய விஷயம், இந்தச் சுற்றுகள் ஒன்றுபோல இருப்பதில்லை என்பது. இடி இடித்தாலும் எழுப்பாத அந்த ஆழ்ந்த தூக்கம் பெரும்பாலும் முதல் இரண்டு சுற்றுகளிலேயே முடிந்துவிடுகிறது. பின்னிரவில் மிஞ்சுவது லேசான தூக்கமும் கனவும்தான். அதனால் வைகறையில் தூக்கம் மெலிந்த துணி மாதிரி இருக்கும். எதுவும் கிழித்துவிடும்.

இன்னொன்று, சுற்று முடியும்போதெல்லாம் ஏறக்குறைய எல்லோருமே ஒரு நொடி விழிக்கிறார்கள். புரண்டு படுப்போம், போர்வையை இழுப்போம், குழந்தை மேல் கை போட்டுப் பார்ப்போம், மறுபடி போய்விடுவோம். சில நொடிகளே நீடிப்பதால் காலையில் நினைவில் இருக்காது. ‘நான் படுத்தால் விடியும்வரை அசையவே மாட்டேன்’ என்று பெருமை பேசுகிறவர்களும் அசைகிறார்கள், மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். ஆக, 3.20-க்கு விழிப்பது நோய் அல்ல. விழித்த பின் உள்ளே திரும்பிப் போக முடியாததுதான் சிக்கல்.

இதைச் சொன்னதும் ஒரு கூட்டம் வாட்ஸ்அப்பில் வரும்: நம் முன்னோர் இரண்டு தவணையாகத் தூங்கினார்கள், நடுவில் விழித்து வேலை பார்த்தார்கள், ஆகவே இது இயற்கை. பாதி உண்மை. மின்விளக்குக்கு முந்தைய ஐரோப்பாவில் ‘முதல் தூக்கம்’, ‘இரண்டாம் தூக்கம்’ என்று மக்கள் சர்வசாதாரணமாகப் பேசியதற்கான சான்றுகளை ரோஜர் எகிர்ச் என்ற வரலாற்றாசிரியர் திரட்டியிருக்கிறார். தாமஸ் வேர் என்ற ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் சிலரைத் தினமும் 14 மணி நேர இருட்டில் வைத்துப் பார்த்தபோது அவர்கள் தூக்கமும் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் தான்சானியாவின் ஹட்சா மக்கள், நமீபியாவின் சான் மக்கள், பொலிவியாவின் சிமானே மக்கள் என மின்சாரம் எட்டாத மூன்று கூட்டங்களை அளந்து 2015-இல் வெளியான ஆய்வில் தூக்கம் பெரும்பாலும் ஒரே தவணைதான். ஆகவே ‘எல்லா முன்னோரும்’ என்று அடித்துச் சொல்ல வேண்டாம். நள்ளிரவு விழிப்பு மனித உடம்புக்குப் புதிது அல்ல என்ற ஆறுதல் மட்டும் போதும்.

என் அத்தை வேறு மாதிரி ஆறுதல் சொன்னார்: “பிரம்ம முகூர்த்தத்துல முழிப்பு வருது, புண்ணியம்டா.” ஒரு முகூர்த்தம் 48 நிமிடம். சூரிய உதயத்துக்கு இரண்டு முகூர்த்தம் முன்னால் தொடங்கி ஒரு முகூர்த்தம் முன்னால் முடிவதுதான் பிரம்ம முகூர்த்தம். ஆறு மணிக்கு உதயம் என்றால் 4.24-லிருந்து 5.12 வரை. என் 3.20 அந்தப் புண்ணியத்திலும் சேரவில்லை.

பசியும் கடிகாரமும்

நாம் எப்போது தூங்குகிறோம், எப்போது விழிக்கிறோம் என்பதை இரண்டு விசைகள் தீர்மானிக்கின்றன. ஸ்விட்சர்லாந்தின் தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982-இல் முன்வைத்த விளக்கம் இது. இன்றும் தூக்கப் பாடத்தின் அரிச்சுவடி இதுதான்.

முதல் விசையைத் தூக்கப் பசி என்று வைத்துக்கொள்வோம். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அந்தப் பசி ஏறும். மூளை வேலை செய்யச் செய்ய அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். தூங்கினால் அது கரையும். சாயங்காலம் நாலு மணிக்கு வயிறு முட்ட பஜ்ஜி தின்றவனுக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்காது இல்லையா? மத்தியானம் ஒன்றரை மணி நேரம் தூங்கினவருக்கு ராத்திரித் தூக்கமும் அப்படித்தான்.

காபி இந்த இடத்தில் ஒரு வேலை பார்க்கிறது. பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதேபோல மூளையில் அடினோசின் உட்கார வேண்டிய இருக்கைகளில் காபியின் கஃபீன் துண்டைப் போட்டுவிடும். பசி இருக்கும், தெரியாது. குடித்த கஃபீனில் பாதி வெளியேறவே பலருக்குச் சுமார் ஐந்து மணி நேரம் பிடிக்கும். நாலு மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடித்தால் ஒன்பது மணிக்குப் பாதி மிச்சம், இரவு இரண்டு மணிக்குக் கால்வாசி மிச்சம். ‘காபி குடிச்சாலும் படுத்தவுடனே தூங்கிடுவேன்’ என்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கால்வாசியைத்தான். முன்னிரவுப் பசி பெரிது, துண்டை மீறித் தூக்கிவிடும். பின்னிரவில் பசியே கொஞ்சம்தான்.

இரண்டாவது விசை உடல் கடிகாரம். மூளைக்குள், இரு கண்களின் நரம்புகளும் குறுக்கே கடந்து போகும் இடத்துக்குச் சற்று மேலே, ஒரு சின்ன நரம்புக் கொத்து இருக்கிறது. கண்ணில் விழும் வெளிச்சத்தை வைத்து அது நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். உடம்பின் சூடு, பசி, சுரப்பிகள் எல்லாம் அதன் தாளத்துக்கு ஆடும். விடிகாலை நாலு, ஐந்து மணி வாக்கில் உடம்பின் உள்சூடு அடிமட்டத்தைத் தொட்டு மறுபடி ஏறத் தொடங்கும். கார்டிசோல் என்ற சுரப்பு அதற்கு முன்பிருந்தே மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். வாசல் தெளிக்க வெளிச்சம் வரும்வரை உடம்பு காத்திருப்பதில்லை, இருட்டிலேயே அடுப்பைப் பற்றவைத்துவிடுகிறது.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 3.20-க்கு ஐந்து மணி நேரம் தூங்கியாகிவிட்டது, பசி பெரும்பாலும் அடங்கிவிட்டது. தூக்கம் மெலிந்த பகுதியில் இருக்கிறோம். உடம்பு பகலுக்கான ஏற்பாட்டைத் தொடங்கிவிட்டது. இந்த நேரத்தில் சின்னதாக ஒரு தட்டு போதும், முழு விழிப்பு வந்துவிடும். எங்கள் வீட்டில் அந்தத் தட்டு என்ன என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. மின்கட்டணத்துக்குப் பயந்து ஏசியை மூன்று மணிக்கு நிற்கும்படி டைமர் வைத்திருந்தேன். அது நின்று இருபது நிமிடத்தில் அறை புழுங்க ஆரம்பிக்கும். கனவுத் தூக்கத்தில் உடம்பு தன் சூட்டைச் சரிசெய்துகொள்ளும் திறமையைப் பெருமளவு கைவிட்டுவிடுகிறது, வியர்வைகூட ஒழுங்காக வராது. ஆகவே புழுக்கம் நேரே விழிப்பாகிறது. டைமரை எடுத்துவிட்டு, 27-இல் வைத்து, மின்விசிறியையும் ஓடவிட்டேன். பாதிப் பிரச்சினை அதிலேயே குறைந்தது. உங்கள் வீட்டில் அது கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டாராக இருக்கலாம், சிறுநீர் முட்டுவதாக இருக்கலாம், அக்கம்பக்கத்துக் குறட்டையாக இருக்கலாம். முதலில் அதைத் தேடுங்கள். மனசைத் திருத்துவதைவிட டைமரைத் திருத்துவது சுலபம்.

துரத்தினால் ஓடும்

மீதிப் பாதிதான் கஷ்டம். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களில் ஒன்று சொன்னார்: தூக்கமின்மையைத் தொடங்கிவைக்கும் காரணம் ஒன்று, அதைத் தொடர வைக்கும் காரணம் வேறொன்று. அப்பாவின் அறுவைச் சிகிச்சை தொடங்கிவைத்தது. அது முடிந்த பின்னும் ஏழு மாதம் அதற்குச் சோறு போட்டு வளர்த்தது நான்தான்.

எப்படி வளர்த்தேன்? தூக்கம் போதவில்லையே என்று ஒன்பதே முக்காலுக்கே படுத்தேன். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிவரை கிடந்தேன். அலுவலகத்தில் மூன்றாவது காபியைச் சேர்த்தேன். விழித்ததும் மணி பார்த்தேன். மணி பார்த்ததும் கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றும் கேட்க நியாயமானது. ஒவ்வொன்றும் தப்பு.

மணி பார்ப்பதையே எடுத்துக்கொள்வோம். 3.20 என்று தெரிந்துகொள்வதால் ஒரு லாபமும் இல்லை. ஆனால் அந்த எண் ஒரு வழக்கைத் திறந்துவிடுகிறது: நேற்றும் இதே நேரம், நாளைக்கு மீட்டிங், இப்படியே போனால் என்ன ஆகும். உடம்பு இதைக் கேட்டு நிஜமாகவே உஷாராகிறது, இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. தூங்கியே ஆக வேண்டும் என்று கண்ணை இறுக்கினால் இன்னும் மோசம். டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் செய்த ஒரு சோதனை பிரபலம்: வெள்ளைக் கரடியை நினைக்காதே என்று மாணவர்களிடம் சொன்னார், அவர்களுக்குக் கரடி திரும்பத் திரும்ப வந்தது. ஒன்றை நினைக்கவில்லையே என்று சரிபார்க்க அதை நினைத்தாக வேண்டியிருக்கிறது. தூங்கிவிட்டோமா என்று பார்க்கவும் விழித்திருந்தாக வேண்டியிருக்கிறது. நான் 4.35-க்கு ‘போகட்டும்’ என்று விட்ட பத்தாவது நிமிடம் தூக்கம் வந்ததன் ரகசியம் அதுதான். அதுவரை தூக்கத்தை விரட்டியவன் நானே.

சரி, விழித்துவிட்டோம். என்ன செய்வது?

மணி பார்க்காதீர்கள். செல்போன் படுக்கைக்கு எட்டாத தூரத்தில், கவிழ்ந்து இருக்கட்டும். அலாரம் அங்கிருந்தும் கேட்கும். நான் ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். முதல் நாலு நாள் கை தானாகத் தேடியது.

சிறுநீர் வந்தால் போய்வாருங்கள், பெரிய விளக்கைப் போடாமல். அப்புறம் படுத்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதைக் கொஞ்சம் நீட்டிப் பாருங்கள். இது தூங்க வைக்கும் மந்திரம் அல்ல, படபடப்பை இறக்கும் வேலை மட்டும். மனசுக்கு ஏதாவது தின்னக் கொடுக்க வேண்டும். சும்மா விட்டால் அது கடன் தவணையைத்தான் தின்னும். ஆடு எண்ணுவது எனக்கு ஒத்துவரவில்லை, எண்ணிக்கொண்டே கவலைப்பட முடிகிறது. காட்சியாக ஏதாவது வேண்டும். நான் புறநகர் ரயில் ஏறுவேன். தாம்பரத்தில் காலி பெட்டி, ஜன்னலோரம். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். திரிசூலத்தில் எதிரே விமான நிலையம். மீனம்பாக்கம், பழவந்தாங்கல். பரங்கிமலையில் பறக்கும் வேகத்தில் இறங்கும் கூட்டம். கிண்டி தாண்டினால் அடையாற்றுப் பாலம், சக்கரத்தின் சத்தம் மாறும். ஒவ்வொரு நிலையத்திலும் நின்று, நடைமேடையில் யார் இருக்கிறார்கள், என்ன விற்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் வண்டி கிளம்ப வேண்டும் என்பது விதி. மாம்பலம் வரைக்கும் போன நாட்கள் குறைவு. கடற்கரை போய்ச் சேர்ந்தது இரண்டே முறை. உங்களுக்கு ரயில் வேண்டாம் என்றால், படித்த பள்ளிக்கூடத்தை வகுப்பறை வகுப்பறையாகச் சுற்றிவரலாம்.

கடற்கரை வந்தும் தூக்கம் வரவில்லை, எரிச்சல் ஏறுகிறது என்றால் எழுந்துவிடுங்கள். சுமார் இருபது நிமிடம் என்பது கணக்கு, ஆனால் மணி பார்க்காமல் உத்தேசமாக. ரிச்சர்ட் பூட்சின் என்ற உளவியலாளர் 1972-இல் சொன்ன முறை இது. படுக்கையில் முழித்துக்கொண்டே கிடந்தால், படுக்கை என்றாலே முழிப்பு என்று மூளை பழகிவிடும். சோபாவில் செய்தி பார்க்கும்போது தலை சாய்கிறவருக்குக் கட்டிலில் போட்டதும் கண் பளிச்சென்று திறப்பது இதனால்தான். அந்த முடிச்சை அவிழ்க்கத்தான் எழுவது.

புத்தகங்களில் ‘வேறு அறைக்குப் போங்கள்’ என்று ஒரு வரியில் எழுதிவிடுகிறார்கள். ஒரு படுக்கையறை, கூடத்தில் அம்மா, அப்பா படுத்திருக்கும் வீட்டில் எங்கே போவது? நான் சமையலறையில் ஒரு முக்காலி போட்டு, புகைபோக்கி விளக்கை மட்டும் எரியவிட்டு உட்கார்ந்தேன். பழைய பத்திரிகை ஒன்று, ஏற்கெனவே படித்தது. சமையலறைக்குப் போனால் ஒரு ஆபத்து உண்டு: ‘முழிச்சதுதான் முழிச்சோம்’ என்று பாத்திரம் துலக்கி, சட்னிக்குத் தேங்காய் துருவ ஆரம்பித்துவிடுவது. வேலை முடிந்த திருப்தி வரும், அடுத்த நாளும் உடம்பு அதே நேரத்துக்கு அழைப்பு வைக்கும். வேலை வேண்டாம், பெரிய விளக்கு வேண்டாம், செல்போன் கூடவே கூடாது. கண் சொக்கும்போது திரும்பிப் போய்ப் படுக்கலாம். எழும் நேரம் மட்டும் எந்த நாளும் மாறக் கூடாது, ராத்திரி எப்படிப் போயிருந்தாலும்.

கவலைகளுக்கு ராத்திரியில் இடம் கொடுக்காமல் இருக்க, அவற்றுக்குச் சாயங்காலமே ஒரு நேரம் ஒதுக்கலாம். நாளைக்குச் செய்ய வேண்டியவற்றைப் படுக்குமுன் ஐந்து நிமிடம் எழுதிவைத்தவர்கள் சற்று சீக்கிரம் தூங்கினார்கள் என்று 2018-இல் ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. 3.20-க்கு ‘இன்ஷூரன்ஸ் பிரீமியம்!’ என்று மனசு கூவும்போது, ‘எழுதியாச்சு’ என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிவது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

படுக்கும் நேரத்தைக் குறைப்பது

இந்த விஷயத்தில் ஆகச் சிறந்த மருந்து, கேட்டால் யாரும் நம்பாதது: படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். இதுவும் ஸ்பீல்மன் 1987-இல் எழுதியதுதான்.

என் கணக்கைக் காட்டுகிறேன். ஒரு வாரம் காலையில் நோட்டில் குறித்தேன். 9.45-க்குப் படுக்கை, 10.15 வாக்கில் தூக்கம், 3.20-க்கு விழிப்பு, 4.45-லிருந்து 5.45 வரை மறுபடி தூக்கம். படுக்கையில் எட்டு மணி நேரம், தூங்கியது சுமார் ஆறு. நூற்றுக்கு 75. ஆறு மணி நேரத் தூக்கத்தை எட்டு மணி நேரத்துக்கு இழுத்து விரித்தால் எங்காவது கிழியத்தானே செய்யும்? ஆகவே படுக்கும் நேரத்தை 11.30-க்குத் தள்ளினேன். எழுவது அதே 5.45. தூக்கம் எவ்வளவு வருகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவு நேரம்தான் படுக்கை.

முதல் வாரம் நரகம். பதினொன்றரை வரை முழித்திருப்பதே பெரும்பாடு, நின்றுகொண்டே துணி மடித்தேன். மத்தியான மீட்டிங்கில் கண் செருகியது. வண்டியை எடுக்காமல் ரயிலில் போனேன். இரண்டாவது வாரம் விழிப்பு வந்தது, ஆனால் ரயில் குரோம்பேட்டையைத் தாண்டவில்லை. மூன்றாவது வாரக் கடைசியில் ஒருநாள் அலாரம்தான் என்னை எழுப்பியது. படுக்கையில் இருக்கும் நேரத்தில் நூற்றுக்கு 85-க்கு மேல் தூங்குகிறோம் என்று ஒரு வாரம் நிலைத்தால், படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னால் கொண்டுவரலாம். அப்படியே வாரத்துக்கு ஒருமுறை. நான் இப்போது 10.45-இல் நிற்கிறேன்.

எத்தனை குறைவாகத் தூங்கினாலும் படுக்கை நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. வலிப்பு நோய், இருமுனை மனநோய் இருப்பவர்களும், வண்டி ஓட்டுவதும் பெரிய இயந்திரங்களில் நிற்பதும் தொழிலாக உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. அடிக்கடி தடுமாறி விழும் முதியவர்களும் அப்படித்தான். இந்த முறையும், எழுந்து போகும் முறையும், எண்ணங்களைச் சரிசெய்வதும் சேர்ந்ததுதான் சி.பி.டி.ஐ. என்ற பேச்சு சிகிச்சை. பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதைத்தான் கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர்கள் சங்கம் 2016-இல் பரிந்துரைத்தது. நம் ஊரில் கடையில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரைப் பழக்கம் அதற்கு நேர் எதிர். அவை சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துகள். பழகிவிடும், வயதானவர்களை விழவைக்கும். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, மருத்துவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

கும்பகோணத்துப் பெரியப்பா

எழுபத்தொரு வயது, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நான் இதையெல்லாம் படிப்பது தெரிந்து போன் செய்தார். “டேய், மூணரைக்கு முழிப்பு வந்துடுது. அப்புறம் பொட்டுத் தூக்கம் இல்ல. மாத்திரை ஏதாவது சொல்லேன்.”

“எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க பெரியப்பா?”

“எட்டரைக்கு. ஏழரைக்குச் சாப்பாடு முடிஞ்சா வேற என்ன வேலை?”

எட்டரையிலிருந்து மூன்றரை வரை ஏழு மணி நேரம். மத்தியானம் ஒன்றரை மணி நேரம் வேறு. கணக்கு வாத்தியாருக்கு நான் கூட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

வயது ஏற ஏற இரண்டு மாற்றம் வரும். ஆழ்ந்த தூக்கம் குறையும். உடல் கடிகாரம் முன்னால் நகரும்: சீக்கிரம் தூக்கம், சீக்கிரம் விழிப்பு. அதைப் பின்னால் தள்ள வெளிச்சம் உதவும். சாயங்கால வெளிச்சம் கடிகாரத்தைத் தாமதப்படுத்தும். விடிகாலை வெளிச்சம் அதை இன்னும் முன்னால் இழுக்கும். ‘காலையில் எழுந்ததும் வெயிலில் நில்லுங்கள்’ என்ற பொதுவான அறிவுரை ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்குகிற இளைஞனுக்கு நல்லது, பெரியப்பாவுக்கு அல்ல. ஆகவே அவருடைய காலை நடையைச் சாயங்காலம் ஐந்தரைக்கு மாற்றச் சொன்னேன். மகாமகக் குளத்தை வெளிச்சம் இருக்கும்போதே சுற்றிவிட்டு, ராத்திரி கூடத்தில் பளிச்சென்று விளக்கைப் போட்டு உட்காருங்கள், பத்து மணிக்கு முன் படுக்காதீர்கள், மத்தியானத் தூக்கம் மூன்று மணிக்குள் அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

அதற்கு முன் ஒன்று கேட்டேன்: எத்தனை தடவை எழுந்து பாத்ரூம் போகிறீர்கள்? மூன்று தடவை என்றார். அதைப் பார்க்க மருத்துவரிடம் அனுப்பினோம். ரத்த அழுத்தத்துக்கான நீர் மாத்திரையை ராத்திரியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், மருத்துவர் அதைக் காலைக்கு மாற்றிக் கொடுத்தார். இப்படி உடம்புக் காரணம் ஒளிந்திருக்கலாம். சர்க்கரை நோய், புராஸ்டேட் வீக்கம், தைராய்டு அதிகமாகச் சுரப்பது, மாதவிடாய் நிற்கும் பருவத்தில் பெண்களுக்கு வரும் திடீர்ச் சூடு எல்லாம் விடியுமுன் எழுப்பும். பலத்த குறட்டையும் மூச்சு நின்று திணறி விழிப்பதும் இருந்தால் அது வேறு நோய், அதைப் பரிசோதிக்க வேண்டும். தூக்கம் வரட்டும் என்று மது குடிப்பவருக்கு முன்னிரவு நன்றாகப் போகும். போதை இறங்கும் பின்னிரவில் அது வட்டியோடு வாங்கிக்கொள்ளும்.

மனச்சோர்வு தனி. வழக்கத்தைவிட இரண்டு மணி நேரம் முன்பே விழிப்பு, விடிகாலையில்தான் மனசு ஆகக் கனமாக இருப்பது, எதிலும் பிடிப்பில்லாமை, பசியின்மை இவையெல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் சேர்ந்து நின்றால் ரயில் விளையாட்டெல்லாம் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன என்ற எண்ணம் 3.20-க்கு வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம்.

பெரியப்பா இப்போது பத்து மணிக்குப் படுத்து ஐந்துக்கு எழுகிறார். போன வாரம் மறுபடி போன் வந்தது. புதுப் புகார்: பேப்பர் போடும் பையன் ஆறு மணிக்குத்தான் வருகிறானாம், ஒரு மணி நேரம் என்ன செய்வதாம்.